கணினியின் பிறந்த நிலை

கொஸ்லந்தையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே தொழிற்சாலையை மக்கள் ‘ஸ்டோர்’ என்றே அழைப்பது வழக்கம். மலையிலே கொய்த கொழுந்து அன்றன்றே ஸ்டோருக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே அதை வாட்டி, உருட்டி, நொதிக்க வைத்து, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஏறக்குறைய நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோத் தேயிலையாக வெளிவருகிறது. அவ்வாறு வெளிவந்த தேயிலையை மீண்டும் கொழுந்தாக்கும் வித்தையை எவரும் கண்டறிந்ததில்லை. இயற்கைப் பொருளுக்கு முன்னோக்கிய பயணம் ஒன்றே உண்டு.

மனிதன் ஆக்கிய பொறிகளுள் ஒன்று மட்டும் இதற்கு விலக்காக இருக்கிறது. அதுதான் கணினி. பல ஆண்டுகள் ஒரு வீட்டிலே உழைத்துக் களைத்த கணினியை, அது தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எவ்வாறு இருந்ததோ, அந்த நிலைக்கே திருப்பிவிட இயலும். உடல் பழையதாகவே இருக்கும். நினைவு மட்டும் புதிதாகிவிடும். இச்செயலை ‘மீளமைத்தல்’ என்பர். கணினியைப் பொறுத்தவரை இது ஒரு மறுபிறப்பு. ஆயின், மறுபிறப்பு என்றால் முற்பிறப்பின் நினைவுகள் போய்விடும் அன்றோ? எதைப் போகவிடுவது, எதைக் காப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காதவர்கள் பின்னர் வருந்த நேரிடுகிறது. அந்த வருத்தத்தைத் தவிர்க்கும் வழியை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

கணினியின் பழைய வரலாற்றைச் சற்று நோக்கினால் இவ்விடயம் தெளிவாகும். 1982ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ‘சிங்கிளேயர் ஸ்பெக்ட்ரம்’ என்னும் வீட்டுக் கணினியை மீளமைக்க வேண்டிய தேவையே எழவில்லை. அதன் அடிப்படைக் கட்டளைகள் யாவும், அழிக்கவோ மாற்றவோ முடியாத 16 கிலோபைட் அளவுள்ள ஒரு சில்லிலே பதிக்கப்பட்டிருந்தன. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தால் போதும்; அது பிறந்த நிலையிலேயே கண் விழிக்கும். அதற்கு வேண்டிய நிரல்கள் பாட்டுக் கேட்கும் ஒலிநாடாவிலே தனியாக இருந்தன. வானொலி நேயர்களுக்கு வியப்பூட்டும் செய்தி ஒன்றும் இங்கே உண்டு. 1980களில் ஒல்லாந்து வானொலி கணினி நிரல்களை ஒலி வடிவிலேயே ஒலிபரப்பியது. நேயர்கள் அந்தக் கீச்சொலியை ஒலிநாடாவிலே பதிந்து, தம் கணினிக்கு ஊட்டினார்கள். பின்னர் பி.பி.சி. வானொலியும் அவ்வாறே செய்தது.

அதற்குப் பின்வந்த கணினிகளில் வன்தட்டு இடம்பெற்றது. அடிப்படைக் கட்டளைத் தொகுதியாகிய இயங்குதளமும், வீட்டார் எழுதும் கடிதங்களும், பிள்ளைகளின் பாடங்களும், புகைப்படங்களும் ஒரே தட்டிலே குடியேறின. வசதி பெருகியது. அதனோடு சிக்கலும் பெருகியது. தேவையற்ற நிரல்கள் சேர்ந்தன, நச்சு நிரல்கள் நுழைந்தன, இயக்கம் தளர்ந்தது. எனவே கணினி செய்வோர், வன்தட்டின் ஓர் ஓரத்தைத் தனியே வகுத்து, ஆதி நிலையின் படி ஒன்றை அதில் மறைத்து வைத்தனர். சிலர் அதனைக் குறுந்தட்டாகவும் கொடுத்தனர். 2012ஆம் ஆண்டு மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘விண்டோஸ் 8’ முதலாக, மீளமைக்கும் வசதி இயங்குதளத்துக்குள்ளேயே அமைக்கப்பட்டது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கருத வேண்டும். ‘தொழிற்சாலை நிலை’ என்னும் பெயர் இன்று முற்றும் பொருந்துவதன்று. ‘விண்டோஸ் 8’ உடன் வாங்கிய ஒரு கணினி, பின்னர் ‘விண்டோஸ் 10’க்கு உயர்த்தப்பட்டிருந்தால், இயங்குதளத்தின் வழியாக மீளமைக்கும்போது அது ‘விண்டோஸ் 10’க்கே திரும்பும். உற்பத்தியாளர் ஓரத்தில் மறைத்து வைத்த பழைய படியைக் கொண்டு மீளமைத்தாலோ, வாங்கிய நாளிலிருந்த பழைய பதிப்பு எழுந்து நிற்கும். ‘விண்டோஸ் 10’க்கான வழமையான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றன. ஆதலின், பழைய பதிப்புக்குத் திரும்புவோர் பூட்டு இல்லாத வீட்டிலே குடிபுகுவதற்கு ஒப்பாவர். எந்த வழியாகத் திரும்புகிறோம் என்பதை அறிந்தே அடியெடுத்து வைத்தல் வேண்டும்.

மீளமைத்தல் எல்லா நோய்க்கும் மருந்தன்று. கணினி மெதுவாக இயங்குகிறது என்றவுடனேயே அதனைத் துடைத்தெடுப்பது, தலைவலி வந்தவன் தலையை மாற்ற நினைப்பது போன்றதாகும். முதலில் வன்தட்டில் இடம் மிச்சம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். கணினி தொடங்கும்போதே தாமாக எழுந்து நிற்கும் நிரல்களைக் குறைக்க வேண்டும். நச்சு நிரல்களைத் தேடும் சோதனையை நடத்த வேண்டும். உள்ளே தூசி அடைத்து விசிறி சுழலாமல் வெப்பம் மிகுந்திருந்தாலும் பொறி தளரும். வன்தட்டே பழுதாகி, ‘டக் டக்’ என்னும் ஓசை கேட்கத் தொடங்கிவிட்டால், மீளமைப்பதால் பயன் யாதும் இல்லை. அந்த உழைப்பிலே எஞ்சிய உயிரும் போய்விடக்கூடும். அத்தகைய தட்டிலிருந்து முதலில் வேண்டியவற்றை வெளியே எடுத்தல் ஒன்றே செய்யத்தக்கது. இச்சிகிச்சைகள் பயனளிக்காதபோதும், நச்சு நிரல் வேரூன்றிவிட்டபோதும், கணினியைப் பிறருக்குக் கொடுக்கும்போதும் மீளமைத்தல் தக்க வழியாகும்.

அவ்வாறு தீர்மானித்தபின், கணினி ஒரு வினாவை எழுப்பும். ‘என் கோப்புகளை வைத்திரு’ என்பது ஒரு வழி. ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்பது மறுவழி. முதலாவது வழியிலே ஆவணங்களும் படங்களும் பெரும்பாலும் தப்பும். பின்னர் சேர்த்த நிரல்களும் அமைப்புகளும் மறையும். இரண்டாவது வழியிலே வீட்டாருடையது என்று எதுவுமே எஞ்சாது. முதலாவது வழியை நம்பிப் படியெடுக்காமல் இருந்துவிடுவோர் பலர். நடுவிலே மின்சாரம் நின்றாலோ, தட்டிலே பழுது நேர்ந்தாலோ அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற எவரும் இல்லை. எந்த வழியைத் தெரிந்தாலும், வேண்டியவற்றை வெளியே எடுத்து வைத்தபின் தொடங்குவதே அறிவுடைமை.

வேண்டியவை யாவை? இவ்வினாவுக்கு மலையகத்து வீடுகளிலே சொல்லப்படும் விடை, கொழும்பிலே சொல்லப்படும் விடையிலிருந்து சற்று வேறுபடும். தோட்ட மக்களின் வரலாறு காகிதங்களால் அலைக்கழிக்கப்பட்ட வரலாறு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எத்தனையோ குடும்பங்களை இரு கரைகளிலும் பிரித்து வைத்தது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. இந்த நெடுங்காலம் முழுவதும், பிறந்த இடத்தையும் வாழ்ந்த ஆண்டுகளையும் காட்டும் ஒரு துண்டுக் காகிதம் ஒரு குடும்பத்தின் விதியைத் தீர்மானித்தது. பாட்டன் பெயர் கொண்ட பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, பிரசாவுரிமைச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதிக்கான தாள்கள் ஆகியவற்றைத் தகரப் பெட்டியிலே பூட்டி வைத்த பாட்டிமாரை அறியாத தோட்டம் இல்லை.

இன்று அந்தத் தகரப் பெட்டியின் இடத்தைப் பல வீடுகளில் கணினி பிடித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் பழைய தாள்களைப் படமெடுத்து அதிலே சேர்த்து வைக்கிறார்கள். ஒரு வீட்டை எடுத்துக்கொள்க. தந்தை ஓய்வு பெற்றவர். தாய் இன்னும் கொழுந்து பறிக்கிறார். மகன் பண்டாரவளையிலே வேலை பார்க்கிறான். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கணினி மெதுவாகிவிட்டது. “அண்ணா வந்தால் ஒரே நாளில் புதிதாக்கிவிடுவார்” என்று மகள் சொல்கிறாள். அண்ணன் வருகிறான்; ஓர் இரவிலே எல்லாவற்றையும் நீக்கிப் புதிதாக்கிவிடுகிறான். காலையிலே தாய் கேட்கிறார்: “தம்பி, அப்பாயி படம் அதிலே இருந்ததே, எங்கே?” அந்தக் கேள்விக்கு அவனிடம் விடை இல்லை. அப்பாயிக்கு வேறு படமும் இல்லை. கணினி முன்னிலும் விரைவாக ஓடுகிறது. ஆனால் வீட்டிலே மகிழ்ச்சி இல்லை. இத்தகைய காட்சி எந்த வீட்டிலும் நிகழக்கூடியது. அரைமணி நேரத்து முன்னேற்பாடு அதனைத் தடுத்துவிடும்.

படியெடுப்பதில் அனுபவம் மிக்கோர் ஒரு விதியைக் கைக்கொள்வர். முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் இருத்தல் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும். கணினியில் ஒன்று, வெளி வன்தட்டிலோ பென்டிரைவிலோ ஒன்று, உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ ஒன்று என வகுத்துக்கொள்ளலாம். ‘வேறோர் ஊர் எதற்கு?’ என்று சிலர் வினவக்கூடும். கொஸ்லந்தை மக்களுக்கு அதற்கு விடை சொல்ல வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையிலே மீரியபெத்தத் தோட்டத்தின் மேல் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் புதையுண்டன. மனிதர் மாண்டனர், வீடும் உடைமையும் போயின. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்ததைப் பின்னர் உலகம் அறிந்தது. உயிரிழப்புக்கு முன்னே காகித இழப்பு எம்மாத்திரம் என்பது உண்மையே. ஆயினும், உயிர் தப்பியவர்கள் மறுநாள் முதற்கொண்டு தாம் இன்னார் என்பதை நிறுவ வேண்டியவராயினர் என்பதும் உண்மை. அவர்களுக்கு வேறோர் ஊரில் இருந்த ஒரு பிரதி எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும்!

படியெடுத்த பின்னர், எடுத்தது சரியாக வந்திருக்கிறதா என்பதைத் திறந்து பார்க்க வேண்டும். இயலுமாயின், வேறொரு கணினியிலே திறந்து பார்ப்பது சாலச் சிறந்தது. கோப்பின் பெயர் மட்டும் இருந்து, உள்ளே ஒன்றும் இல்லாத பிரதிகளும் உண்டு. ‘ஆவணங்கள்’ என்னும் உறையை மட்டும் நகலெடுத்தால் போதாது. மேசைத்திரையிலும், ‘பதிவிறக்கங்கள்’ உறையிலும், வன்தட்டின் பிற மூலைகளிலும் சிதறிக் கிடப்பவற்றையும் தேடித் திரட்ட வேண்டும். தோட்டத்துச் சங்கத்தின் கணக்கு, கோயில் திருவிழா வரவு செலவு, மரண உதவிச் சங்கத்தின் பெயர்ப் பட்டியல் ஆகியவை இத்தகைய மூலைகளிலேயே பெரும்பாலும் ஒதுங்கியிருக்கும்.

தமிழ் எழுதுவோருக்கு மட்டும் உரிய ஓர் ஆபத்தும் இங்கே உண்டு. இலங்கையிலே ‘பாமினி’ என்னும் எழுத்துரு நெடுங்காலமாகப் பெருவழக்கில் இருந்து வருகிறது. திருமண அழைப்பிதழ் முதல் பாடசாலை வினாத்தாள் வரை அதிலே எழுதப்பட்டவை ஏராளம். பாமினியிலே எழுதிய தமிழ், கணினியின் உள்ளே தமிழாக இருப்பதில்லை. ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டு, திரையிலே மட்டும் தமிழ் வேடம் பூண்டு தோன்றுகிறது. கணினியை மீளமைக்கும்போது, பின்னர் சேர்த்த எழுத்துருக்களும் நீங்கிவிடும். பிறகு பழைய கடிதத்தைத் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த பொருளற்ற குவியல் ஒன்றே தென்படும். ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்று எண்ணி அதனை அழித்துவிடுவோரும் உளர். கோப்பு கெடவில்லை. வேடம் மட்டுமே கலைந்திருக்கிறது. எழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் மீண்டும் தோன்றும். ஆதலின், படியெடுக்கும்போது அந்த எழுத்துருக் கோப்பையும் கூடவே எடுத்து வைத்தல் இன்றியமையாதது.

இதற்கு நிலையான தீர்வு யுனிகோட் என்னும் ஒருங்குறி முறையாகும். 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் வகுக்கப்பட்டது. அதிலே ‘அ’ என்பது உலகத்தின் எந்தக் கணினியிலும் ‘அ’வாகவே சேமிக்கப்படுகிறது. இன்றைய இயங்குதளங்கள் ஒருங்குறித் தமிழைக் காட்டும் எழுத்துருவுடனேயே வருகின்றன. ஆதலின், கணினியை எத்தனை முறை மீளமைத்தாலும் அத்தமிழ் சிதைவதில்லை. பாமினியிலுள்ள பழைய எழுத்துகளை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் நிரல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. மீளமைக்கும் வேளையை இம்மாற்றத்துக்குரிய நல்ல வேளையாகக் கொள்ளலாம்.

இனி, சாவிகளைப் பற்றிய சிந்தனை. கடவுச்சொற்களைக் கணினியே நினைவில் வைத்திருந்ததால், வீட்டார் அவற்றை மறந்திருப்பர். மீளமைத்தபின் கணினியும் மறந்துவிடும். மின்னஞ்சல் முதலிய கணக்குகளின் கடவுச்சொற்களை முன்கூட்டியே ஒரு குறிப்புப் புத்தகத்திலே எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். அக்கணக்குகளோடு இணைத்த கைத்தொலைபேசி எண் இன்னும் வழக்கில் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். புதிய கணினிகள் பலவற்றிலே வன்தட்டே மறைகுறியாக்கப்பட்டிருக்கும். சில வேளைகளில் அது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கும். அச்சாவி பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசொப்ட் கணக்கிலே சேமிக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் உரிமத்தைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. முறையாக உரிமம் பெற்ற கணினியை அதே பதிப்புக்கு மீளமைத்தால், இணையத்தில் இணைந்ததும் அது தன் உரிமத்தைத் தானே அடையாளங் கண்டுகொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய பிற நிரல்களின் உரிம எண்களைக் குறித்து வைத்தல் அவசியம்.

செயலைத் தொடங்கும் முறை எளிதானது. ‘விண்டோஸ் 11’இல் அமைப்புகள், முறைமை, மீட்பு என்னும் படிகளில் இறங்கினால், ‘இந்தக் கணினியை மீளமை’ என்னும் கட்டளை தோன்றும். கணினி முழுமையாக எழாவிட்டால், ஷிப்ட் விசையை அழுத்தியவாறே ‘மீண்டும் தொடங்கு’ என்பதைத் தெரிந்து மீட்புத் திரைக்குச் செல்லலாம். அடுத்து, புதிய படியை இணையத்திலிருந்து இறக்குவதா, கணினியில் உள்ளதையே பயன்படுத்துவதா என்னும் வினா எழும். இணைய வழி நான்கு ஜிகாபைட்டுக்கும் மேற்பட்ட தரவை உட்கொள்ளக்கூடும். தொலைபேசி டேட்டாவை அளந்து வாங்கும் வீட்டார் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் படியில் பழுது இல்லாவிடின் அதுவே போதுமானது. அப்பிள் கணினிகளில் 2021ஆம் ஆண்டின் ‘மொண்டெரே’ பதிப்பு முதலாக, உள்ளடக்கத்தையும் அமைப்புகளையும் அழிக்கும் கட்டளை ஒன்று புதிய வகைப் பொறிகளுக்கு வழங்கப்பட்டுள்ளது.

தொடங்கியபின் இடையிலே நிறுத்தலாகாது. பணி முடிய ஒரு மணி நேரமும் ஆகலாம். பழைய பொறிகளில் பல மணி நேரமும் ஆகலாம். திரை இருண்டு, கணினி பலமுறை அணைந்து எழும். பொறுமை இழந்து மின்சாரத்தைத் துண்டிப்போர் கணினியை அரைகுறை நிலையிலே நிறுத்திவிடுவர். 2022 மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியதை இலங்கை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அந்நிலை இல்லை. எனினும் இடியும் மழையும் மிகுந்த மலைப்பகுதியிலே, தியலும நீர்வீழ்ச்சி பெருகிப் பாயும் காலத்திலே, மின்சாரம் சொல்லாமலே போய்வருவது புதிதன்று. மடிக்கணினியாயின் மின்கலத்தை முழுமையாக நிரப்பி, மின்னிணைப்பையும் விலக்காமல் வைத்துத் தொடங்குக. மேசைக் கணினியாயின் மழையற்ற ஒரு நாளைத் தெரிந்துகொள்க.

கணினியை விற்போரும், பாடசாலைக்கோ அயலாருக்கோ வழங்குவோரும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பைச் சாதாரணமாக அழிப்பது, செக்ரோல் புத்தகத்திலிருந்து ஒருவர் பெயரை வெட்டுவது போன்றது. பெயர் வெட்டப்பட்டாலும் ஆள் லயத்திலேயே இருப்பார். தேடத் தெரிந்தவர் அவரைக் கண்டுபிடித்துவிடுவர். எனவே ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்பதோடு, தட்டை முற்றாகத் துப்புரவு செய்யும் வழியையும் தெரிய வேண்டும். அது நேரம் எடுக்கும். ஆனால் குடும்பத்தின் படங்களும் வங்கி விவரங்களும் அந்நியர் கையில் சிக்காமல் காக்கும்.

கணினி புதிதாய் எழுந்தபின் முதற் கடமை, பாதுகாப்புத் திருத்தங்களை இறக்கி நிறுவுதல். அடுத்தது, எடுத்து வைத்தவற்றை ஆராய்ந்து வேண்டியவற்றை மட்டும் திருப்பி வைத்தல். நச்சு நிரல் காரணமாக மீளமைத்தவர்கள், பிரதிகளைச் சோதித்த பின்னரே உள்ளே விடவேண்டும். அன்றேல் விரட்டிய நோய் வாசல் வழியாகவே திரும்பி வரும். எல்லாம் ஒழுங்கான பின்னரும் வெளியே உள்ள பிரதிகளை அழித்துவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை, தைப்பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும் நாட்களிலே, அவற்றைத் திறந்து பார்த்துப் புதுப்பித்து வைக்கும் வழக்கம் மிகவும் விரும்பத்தக்கது.

பொறிக்குப் பழைமை ஒரு சுமை. அதனை இறக்கி வைத்தால் அது இலகுவாக ஓடும். மனிதருக்கோ பழைமைதான் வேர். ஆகவே மீளமைக்க முனையும் பிள்ளைகள், கட்டளையை அழுத்துவதற்கு முன் வீட்டிலுள்ள மூத்தவர்களை அழைத்துப் பக்கத்தில் இருத்தி, “அம்மா, இதிலே உங்களுக்கு வேண்டியது என்ன?” என்று ஒருமுறை கேட்பார்களாக. அவர்கள் சொல்லும் பட்டியலிலே, எந்தத் தொழிற்சாலையும் மீண்டும் செய்து தர முடியாத பொருள் ஒன்றேனும் நிச்சயமாக இருக்கும். அதனை முதலில் வெளியே எடுத்து வைத்துவிட்டு, பின்னர் அச்சமின்றிப் பணியைத் தொடங்கலாம்.